கையில் கொடுத்த கத்தி

டக்.

ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ஜன்னல் சட்டங்கள் அடித்துக்கொண்டன. கடலை விற்பவர் பெட்டிக்குப் பெட்டி கூவிக்கொண்டு போனார். யாரோ அழுகிற குழந்தைக்குக் கைபேசியில் பாட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அந்தச் சின்ன ஓசை தனியே கிளம்பி வந்து என் காதைப் பிடித்துத் திருப்பியது. இரும்பு இரும்புக்குள் போய் உட்கார்ந்து, இனி அசைய மாட்டேன் என்று சொல்லும் ஓசை. எதிரே இருந்த இளைஞர் ஒரு மடக்குக் கத்தியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்திருந்தார். ஒரே கையால். மற்றக் கையில் பேரிக்காய் இருந்தது. மலையேறப் போகிறவர் போல, காலடியில் பெரிய முதுகுப்பை, சேறு காய்ந்த சப்பாத்து. கத்தியின் பிடி மஞ்சள் நிறம்.

பார்க்கலாமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் பழத்தை வாயில் கவ்விக்கொண்டு, கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இருக்கையைக் காட்டி, இங்கே வையுங்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வைத்தார். நான் எடுத்தேன். அலகின் முதுகை ஜன்னலின் இரும்பு விளிம்பில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கி அழுத்தினேன். மடங்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். மடங்கவே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். இளைஞர் சிரித்துக்கொண்டே, நீங்கள் கத்தி வியாபாரமா என்று கேட்டார். இல்லை, என் அக்காவின் கணவர் இப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார் என்றேன். கிடைத்ததா என்றார். கத்தியை இருக்கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. என் பைக்குள், கைக்குட்டையில் சுற்றியபடி, இன்னொரு மடக்குக் கத்தி இருந்தது. அது சிவப்பு.

என் அக்காவின் கணவரை மச்சான் என்று கூப்பிட்டே பழகியதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் அவருக்குத் தண்ணீர் பார்க்கிற வேலை. உச்சியில் காட்டுக்குள் ஓர் ஊற்று. அங்கிருந்து கறுப்புப் பைப்பு ஒன்று பாறையில் ஊர்ந்து, டர்பன்டைன் மரங்களுக்குள் மறைந்து, தேயிலைக்கு ஊடாக இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே இருக்கும் தொட்டியில் வந்து விழும். தொட்டியிலிருந்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு. பீலியில் தண்ணீர் வரும்வரை அவர் யாருக்கும் நினைவில்லை. நின்றுவிட்டால் நாலு லயமும் அவர் பெயரைத்தான் சொல்லும். காலையில் எல்லோரும் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் அவர் மட்டும் எதிர்த்திசையில், தனியாக, மேலே ஏறுவார். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கால், முழங்கை வரை மடித்த பழைய கோட்டு, தோளில் சாக்குப் பை. போகிற வழியில் அங்கங்கே குனிந்து பைப்பில் காதை வைப்பார். தண்ணீர் எங்கே இழுபடுகிறது, எங்கே காற்று அடைத்திருக்கிறது, எங்கே வேர் உள்ளே புகுந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஓசையாகவே தெரியும். அந்த இரண்டு மைலும் அவருடையது. தோட்டத்துத் துரைக்குக் கூட அங்கே வழி தெரியாது என்று சொல்லிச் சிரிப்பார். வேறு எதற்கும் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வேலைக்கு அவர் கொண்டுபோனது ஒரு கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டி இறக்குகிற கத்தி, கொக்கு மூக்குப் போல வளைந்தது, சவரம் பண்ணலாம் போன்ற கூர். அதைச் சாக்குத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பாசிப் பாறையில் ஏற வேண்டும். ஒருமுறை வழுக்கி விழுந்தபோது சாக்கையும் கிழித்துத் தொடையையும் கிழித்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு மடக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது. அக்கா அப்படித்தான் சொல்வாள். ஊருக்கு நான் லீவில் போகும்போதெல்லாம் அவர் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கத்தியில் வந்து நிற்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன் தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குக் கத்தி பார்க்கப் போனார். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஹாட்வெயார் கடை. கடைக்காரரை எல்லோரும் நானா என்பார்கள். அவர் எங்களைக் கண்டதும், கேட்காமலே, மடக்குக் கத்திகள் கிடந்த தகரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"போன மாசமும் இப்படித்தான் எல்லாத்தையும் மடக்கி மடக்கிப் பாத்தீங்க தண்ணிக்காரரே. கடைசில ஒரு வாஷர வாங்கிட்டுப் போனீங்க."

"வாஷர் நல்ல வாஷர் நானா. அதான் வாங்கினேன்."

மச்சான் ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் திறந்து பார்த்தார். திறக்க வராததையெல்லாம் ஒதுக்கி வைத்தார். திறந்ததை எடுத்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். ஒவ்வொன்றும் பணிவாக மடங்கியது.

"மேசைய வெட்டவா கத்தி வாங்குறீங்க?" என்றார் நானா.

"மேசை வெட்டுப்படாது. என் வெரலுதான் வெட்டுப்படும்."

"எல்லாரும் கூரு இருக்கான்னு பாப்பாங்க. நீங்க ஒராளுதான் முதுகப் பாக்குற."

"கூரு நான் தீட்டிக்குவேன் நானா. முதுக நான் எங்க போயி தீட்டுறது?"

நானா சிரித்துவிட்டுத் தேநீருக்குச் சொல்லி அனுப்பினார். அன்று நாங்கள் ஒரு சாக்குத் தைக்கிற ஊசியோடு திரும்பினோம்.

பஸ்ஸில் வரும்போது மச்சான் எனக்கு விளக்கினார். நான் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கை எப்போதும் பாறையையோ வேரையோ பிடித்திருக்கும், அதனால் ஒரு கையால் திறக்க வேண்டும். திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், அது முக்கியம், மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் அது வேண்டும். அலகு உள்ளங்கை அகலத்துக்கு மேல் நீளம் வேண்டாம், ஆனால் முதுகு தடிப்பாக இருக்க வேண்டும், பைப்பின் வாயை நெம்புகிறபோது வளையக் கூடாது. பிடி வழவழப்பாக இருந்தால் மழையில் மீன் போல நழுவிவிடும். கயிறு கோர்க்க ஒரு ஓட்டை. பிறகு கொஞ்சம் யோசித்து, "கலரு கறுப்பு, பச்சை வேணாம் மாப்ள. மானாப்புல்லுல விழுந்தா அத்தோட சரி. செவப்பு, இல்லாட்டி மஞ்சள்" என்றார். எனக்கு அவர் ஒரு பெண் பார்க்கிற தகப்பனைப் போலத் தோன்றினார். சிரிப்பு வந்தது. கொழும்பில் இல்லாத கத்தியா, அடுத்த முறை நான் வாங்கி வருகிறேன் என்றேன். அவர் திரும்பி என் தோளில் கையை வைத்தார். எதையும் கேட்டுப் பழகாதவர். கிடைக்கப்போகிறது என்று நம்பியதும் முகம் எப்படி மாறும் என்பதை அன்று பார்த்தேன்.

கொழும்பில் நான் அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் விட்ட பிழையைக் கண்டுபிடிக்கிற வேலை. அதற்கு முன் இரண்டு வேலை, அதற்குப் பின் மூன்று வேலை. எங்கேயும் கால் தரிக்காத காலம். கத்தி விற்கிற கடை கண்ணாடிக் கடையாக இருந்தது. வாசலில் குளிர்சாதனத்தின் காற்று முகத்தில் அடித்தது. டை கட்டிய ஒருவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தார். மடக்குக் கத்தி என்றதும் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் தள்ளித் திறந்தார். டக். பிடி மஞ்சள் பிளாஸ்டிக்கு, சொரசொரப்பு, அடியில் ஓர் ஓட்டை. அலகு குட்டை, தடிப்பு, மினுக்கம் இல்லாத சாம்பல் நிறம். விளையாட்டுச் சாமான் போல இருந்தது. இதைக் கொழும்பிலிருந்து வாங்கி வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று யோசித்தேன். நானாவின் தகரப் பெட்டிக்குள் போட்டால் அங்கேயே கலந்துவிடும்.

மேல் தட்டில் அது இருந்தது. சிவப்புப் பிடி, கண்ணாடி போன்ற அலகு, அதற்குள் ஒரு கத்தரி, ஒரு திருகி, மீன் செதில் உராய்கிற ஒன்று, போத்தல் திறக்கிற ஒன்று, ஒரு பல்குச்சி கூட. வெள்ளைக்காரர்கள் மலையேறும்போது இதைத்தான் கொண்டுபோவார்கள், சேர் என்றார் டை கட்டியவர். நான் நகத்தைக் கொடுத்து அலகை இழுத்துத் திறந்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. முதுகை எதிலாவது வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஹட்டனில் என் கண் முன்னால் பத்துத் தடவை நடந்தது. ஆனால் எதிரே இருந்தது கண்ணாடி மேசை. அதில் கத்தியை வைத்து அழுத்துகிற ஆளாக அந்த மனிதர் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். இத்தனை வருடமும் இதற்குப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியும் வெட்கமும் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குப் போனேன். லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் அவர் காலில் அட்டைக்கடிக்குச் சாம்பல் தடவிக்கொண்டிருந்தார். நான் பையைக் கூடக் கீழே வைக்காமல் பெட்டியைப் பிரித்துக் கத்தியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளேயிருந்து வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய், கத்தியக் கையிலயா குடுப்ப? கீழ வைடா. அவரு எடுத்துக்குவாரு. மாமன் மச்சானுக்குள்ள பகை வந்துறப் போகுது."

எங்கள் வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், கோடாலி எதையும் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். தரையிலோ மேசையிலோ வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். சின்ன வயதிலிருந்து பழகியதுதான். எனக்கு அது கொழும்பில் மறந்துபோயிருந்தது. மறந்துபோனதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "கத்தியில கத்தரி இருக்கு, பல்குச்சி இருக்கு, பகையும் இருக்காக்கும்" என்றேன். மச்சான் சிரித்தார். நகத்தால் அலகைத் திறந்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திறந்து, முள்ளம்பன்றி போல விரித்து வைத்துப் பார்த்தார். மறுபடி மடக்கினார். பிறகு அலகை மட்டும் திறந்து, முதுகில் கட்டைவிரலை மெதுவாக வைத்தார். அலகு அசைந்தது. கால் அங்குலம் கூட இருக்காது. அவர் உடனே விரலை எடுத்துவிட்டார், சுட்டதைப் போல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கணம் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை.

"நல்லாருக்கு மாப்ள" என்றார். "செவப்பு."

அவர் கேட்டதில் அது ஒன்றைத்தான் நான் சரியாக வாங்கியிருந்தேன்.

ஆடி மாதம் தோட்டத்துக் கோவில் திருவிழா. இரண்டு நாள் விடாத மழை. கரகம் பாலித்து எடுத்து வருகிற அன்று காலையில் பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது. அன்னதானத்துக்கு அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், தண்ணீர் இல்லை. மச்சான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். அவர் உள்ளே போய் ஏதோ எடுத்துக்கொண்டு வந்தார். சட்டைப் பைக்குள் சிவப்பு தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊற்றுக்குச் சற்றுக் கீழே, ஒரு சரிவில், மண் இறங்கிப் பைப்பை நெரித்திருந்தது. நெரிந்த இடத்தை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து ரப்பர் சுற்ற வேண்டும். அவர் ஒரு காலைப் பாறை இடுக்கில் கொடுத்து, இடது கையால் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டார். கத்தியைப் பல்லில் கடித்து, வலது கை நகத்தால் அலகை இழுத்தார். மழைத் தண்ணீர் அவர் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே நின்ற நான், பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் கத்தியைக் கடித்தபடியே சிரிக்கப் பார்த்தார். அலகைப் பைப்புக்குள் குத்தி இறக்கினார். அது இறுகிக்கொண்டது. வெளியே எடுக்கத் திருகினார்.

சத்தமே இல்லை. அந்தக் கத்திக்கு மூடும்போதும் சத்தமில்லை. அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்பக்கமாக, எலும்பு வரை. கத்தி புல்லில் விழுந்து பளிச்சென்று கிடந்தது.

தலைத்துண்டால் சுற்றிக் கட்டினேன். இறங்கலாம் மச்சான் என்றேன். அவர் பாறையில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினார்.

"தண்ணி போகாம எறங்குனா, என்னான்னு சொல்லி எறங்குறது? நீ வெட்டு. நான் சொல்றேன்."

அதே கத்தியால், இரண்டு கையாலும், முதுகில் பாரம் விழாமல், கொஞ்சம் கொஞ்சமாக நான் அறுத்தேன். அவர் சொல்லச் சொல்ல முனைகளைச் சேர்த்தேன், சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று சில நாட்களில் தோன்றும். முடிந்ததும் அவர் குனிந்து பைப்பில் காதை வைத்தார். முகம் வெளுத்திருந்தது. "போகுது" என்றார்.

இறங்கி வரும் வழியில், கோவில் மேளம் கேட்கத் தொடங்கிய இடத்தில் நின்றார். "அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாத" என்றார். வாசலுக்கு வந்ததும், ஓடி வந்தவளிடம், கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஏதோ விளையாட்டில் தோற்றவர் போலச் சொன்னார்: "நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் கேக்கல. கையில குடுத்தத கையில வாங்குனேன்ல, அதான் கடிச்சிருச்சி."

அக்கா என்னை ஏசினாள். டிஸ்பென்சரிக்குப் போகிற லொறியிலும் ஏசினாள், பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் ஏசினாள். கொழும்புக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டாய், ஒரு கத்தியை எப்படிக் கொடுப்பது என்பது கூட மறந்துவிட்டது என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குள் இருந்ததை எழுதக் கை கூசுகிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் ஏசுகிற குற்றம் சின்னது. நான் நம்பாத, சிரித்துத் தள்ளிய ஒரு வழக்கத்தை மீறிய குற்றம். அதற்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன். மஞ்சள் கத்தியைப் பற்றியோ, கண்ணாடி மேசையைப் பற்றியோ, முதுகை அழுத்திப் பார்க்காமல் வாங்கியதைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. அது பூட்டாத கத்தி என்று தெரிந்த இன்னொருவர் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கைக்குக் கை கொடுத்தாங்களாமே என்று கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அதுவே நடந்ததாகிவிட்டது.

விரல்கள் ஒட்டின. ஆனால் நரம்பு அறுந்துபோன இரண்டும் கொக்கி போல வளைந்தபடியே நின்றுவிட்டன. மடங்காது, நிமிராது. அந்தக் கையால் வேரைப் பிடித்து ஏற முடியாது. தோட்டத்தில் அவரைப் பேக்டரி வாசலில் காவலுக்கு மாற்றினார்கள். மழையில்லை, அட்டையில்லை, நாற்காலி இருக்கிறது, அக்காவுக்கு ஒரு விதத்தில் திருப்திதான். ஒருமுறை நான் போயிருந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தலையைச் சாய்த்து, மேல் பக்கம் காதைக் கொடுத்தார். எனக்குப் பேக்டரி இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "மூணாவது வளைவுல காத்து அடைச்சிருக்கு. புதுசா வந்தவன் அத எடுத்துவிடாம போறான்" என்றார். இங்கிருந்து அது கேட்குமா என்று நான் கேட்கவில்லை. வாசலைத் தாண்டிப் போன ஒரு வான் வண்டியின் இலக்கத்தை அவர் இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில், மெதுவாக எழுதினார்.

நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை என்றேன், உடம்புக்கு முடியவில்லை என்றேன், இரண்டு வருடம் கட்டாரில் இருந்தேன். தொலைபேசியில் அவர் ஒருநாளும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. அங்கே மழையா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மச்சான், அன்றைக்கு அந்தக் கடையில் நீங்கள் கேட்ட கத்தி இருந்தது, நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன், வேண்டாம் என்று வைத்தேன். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற வசனம். மற்றவர்களின் வசனங்களை எவ்வளவோ திருத்தினேன்.

போன வருடம் மாசி மாதம் அவர் போய்விட்டார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே. கருமாதி முடிந்த மறுநாள் அக்கா அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ குடுத்த கத்தியத் தேடுறேன்டா, காணோம்."

"என்கிட்டதான் இருக்குக்கா. கடைசியா வந்தப்ப குடுத்தாரு."

அவள் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, சாக்கைப் பிரித்துப் பார்த்து, மறுபடி சுற்றினாள். "அவரு அத எங்கடா எடுத்தாரு? இதுக்குள்ளயேதான் கெடந்துச்சு. நீ வர்றேன்னா மட்டும் எடுத்து சட்டப் பையில வச்சிக்குவாரு. மத்த நாளெல்லாம் இதத்தான் செருகிக்கிட்டுப் போவாரு. ஏன்னு கேட்டா, மாப்ள வாங்கிட்டு வந்தது, தேஞ்சிரும்பாரு."

அன்று மழையில், நான் கூட வருகிறேன் என்று சொன்னதும் அவர் உள்ளே போய் எடுத்து வந்தது எனக்காக. நான் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் கவ்வாத்துக் கத்தியோடு போயிருப்பார். பைப்பை வெட்டியிருப்பார். விரல்களோடு இறங்கி வந்திருப்பார். இதை நான் அறிந்தபோது, சொல்வதற்கு ஆள் இல்லை. அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். பெட்டியை மூட உதவி செய்தேன்.

இன்றைக்கு இந்த ரயிலில் அவருடைய வருடத் திவசத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள் ஹட்டன் வந்தது. இளைஞர் நானுஓயா வரை போகிறாராம். இறங்கும்போது, அந்தக் கத்தி எங்கே வாங்கியது என்று கேட்டேன். கடையின் பெயரைச் சொன்னார், நான் அதைப் பயணச்சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவர் பழத்தை முடித்துவிட்டு அலகைத் துடைத்து, பூட்டை விடுவித்து மடக்கினார். நான் மேடையில் இறங்கி நின்றேன். ரயில் போனது. அதே மேடை, அதே இரும்பு பெஞ்சு. உட்கார்ந்து, பையிலிருந்து சிவப்புக் கத்தியை எடுத்தேன். நகத்தால் திறந்து, முதுகைப் பெஞ்சின் விளிம்பில் வைத்து அழுத்தினேன். ஒன்பது வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டியது. அது பணிவாக மடங்கியது.

கடைசியாக அவரைப் பார்த்ததும் இந்தப் பெஞ்சில்தான். வேண்டாம் என்றாலும் கேட்காமல், மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் கூடவே வந்து, என்னை ரயிலேற்ற நின்றார். மெலிந்திருந்தார். கோட்டு அவரை விடப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. இப்போது விட்டால் இல்லை என்று எனக்குத் தோன்றியது. "மச்சான், அந்தக் கத்திய நான் வாங்குனப்ப..." என்று தொடங்கினேன். அவர் வளைந்த விரல்கள் உள்ள கையைத் தூக்கி, போதும் என்பது போல ஆட்டினார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்ல" என்றார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், சிரித்தார், பொட்டலத்தை எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. இரைச்சலில் எனக்குக் கேட்க வேண்டும் என்று, என் காதுக்குக் கிட்ட, பைப்பில் காதை வைக்கக் குனிவது போலக் குனிந்து சொன்னார்:

"கையில குடுக்கல மாப்ள. கீழதான் வச்சிருக்கேன். எடுத்துக்க. நமக்குள்ள சண்ட வந்துறக் கூடாது."